புதுக் காரும் கைப் பிரேக்கும்

நாவலூரில் மலை கிடையாது. கடலோரத்துத் தட்டை நிலம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதையும் தாண்டினால் கடல்.

"இந்த ஊரில் காரை நிறுத்தினால் அது எங்கே உருண்டு ஓடப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் நாவலூரின் அடுக்கு மாடிக் குடியிருப்புகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் இரு பக்கமும் மாடி மேல் மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். பல குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடம் தரைக்கு அடியில் இருக்கிறது. அதற்கு இறங்கும் பாதை சரிவாக இருக்கிறது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறார்கள். முன்னே போகும் கார் நின்று விட்டால், பின்னே வரும் காரும் சரிவிலேயே நிற்க வேண்டியதுதான்.

மாலையில் அதே பாதையின் அடியில் குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

மலை இல்லாத ஊரில் மனிதன் கட்டிய மலை அது!

அங்கே நிற்கும் காரைப் பிடித்து வைப்பது எது? கைப் பிரேக். ஓட்டுகிறவர்கள் "ஹேண்ட் பிரேக்" என்று சொல்வார்கள். அந்தக் கைப் பிரேக் சரியாக இருக்கிறதா என்று, புதுக் கார் வாங்கியவர்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

வண்ணம் பார்க்கிறார்கள். பாட்டுப் பெட்டி பார்க்கிறார்கள். குளிர் சாதனம் பார்க்கிறார்கள். மாலை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கோவிலுக்குக் கொண்டு போய்ப் பூஜை செய்கிறார்கள். எல்லாம் சரி. கைப் பிரேக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "புது வண்டிதானே! அதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?" என்ற நினைப்பு.

அந்த நினைப்புத்தான் ஆபத்து.

புதிதாக இருந்தாலும் கோளாறு வரும்

2015-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வோக்ஸ்வேகன் கம்பெனி, "போலோ" காரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று இந்தியாவில் உள்ள தன் விற்பனையாளர்களுக்குச் சொன்னது.

ஏன் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அதற்கு முந்திய மாதம்தான் அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் புகை அளவை மறைத்த மோசடி அமெரிக்காவில் வெளியாகி, உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. இதுவும் அதே விவகாரம்தான் என்று பலர் நினைத்தார்கள்.

சில நாளில் உண்மை தெரிந்தது. இது புகை விவகாரம் அல்ல. கைப் பிரேக் விவகாரம்!

பின் சக்கரத்தின் பிரேக்கில், கைப் பிரேக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. பாரம் விழும்போது அது உடைந்து போகலாம் என்று கண்டுபிடித்தார்கள். அது உடைந்தால் கைப் பிரேக் சரியாகப் பிடிக்காது. 2015 செப்டம்பர் மாதம் தயாரான 389 கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. காசு வாங்காமல் சரி செய்து கொடுப்பதாக அறிவித்தது.

செப்டம்பரில் தயாரான கார். அக்டோபரில் கோளாறு. இதை விடப் புதுக் கார் எங்கே இருக்கிறது?

389 என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் கார்களைப் பார்த்தால் மற்றக் கார்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே பளபளப்பு. அதே வாசனை. கைப்பிடியை இழுத்தால் அதே "டிக் டிக்" சத்தம். கோளாறு எங்கோ சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தது.

வெளி நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2016-ல் ஜப்பானின் டொயோட்டா கம்பெனி, "பிரியஸ்" என்ற காரில் 3 லட்சத்து 40 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதுவும் புது மாதிரிக் கார். அதிலே நிறுத்து பிரேக்கைக் காலால் மிதிக்க வேண்டும். அதன் கம்பி கழன்று போகலாம் என்பதுதான் கோளாறு.

நம் பக்கத்து ஒரகடத்திலே தயாரான கார்களும் திரும்ப அழைக்கப்பட்டது உண்டு. 2013 மே மாதம், நிசான் கம்பெனி "மைக்ரா", "சன்னி" கார்களில் 22,188 கார்களை இந்தியாவில் திரும்ப அழைத்தது. அது கால் பிரேக் சம்பந்தப்பட்ட கோளாறு.

இதனால் இந்தக் கம்பெனிகள் மோசம் என்று நாம் சொல்லவில்லை. கோளாறைத் தாமே சொல்லிச் சரி செய்தவரை நல்லதே. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் மோசம். நாம் சொல்வது வேறு. புதுக் கார் என்பதற்காகக் கைப் பிரேக்கை நம்பி விடக் கூடாது.

கைப் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

கால் பிரேக்கை மிதித்தால், குழாயில் உள்ள எண்ணெய் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. நான்கு சக்கரத்தையும் பிடிக்கிறது.

கைப் பிரேக் அப்படி அல்ல. பெரும்பாலான கார்களில் அது வெறும் கம்பி வேலை. கைப்பிடியை மேலே இழுத்தால், காரின் அடியில் ஓடும் முறுக்குக் கம்பி இழுபடும். பின் சக்கரத்துக்குள் "டிரம்" என்ற இரும்புக் கிண்ணம் இருக்கிறது. அதற்குள் "பிரேக் ஷூ" என்ற இரண்டு வளைந்த துண்டுகள் இருக்கின்றன. கம்பி இழுபட்டதும் அவை விரிந்து கிண்ணத்தில் அழுந்துகின்றன. சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கிறது. பின்னால் இருக்கும் இரண்டு சக்கரம் மட்டும்தான்.

சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புதுச் சைக்கிளைக் கொஞ்ச நாள் ஓட்டியதும் பிரேக் கம்பி தளர்ந்து விடுகிறது. கடைக்காரர் திருகாணியைத் திருகி இறுக்கிக் கொடுக்கிறார். காரிலும் அப்படித்தான். புதுக் கம்பி முதலில் கொஞ்சம் இளகும். பிரேக் ஷூவும் கிண்ணத்தோடு பழகும். அதனால் கைப்பிடி முன்னை விட மேலே வரும். முதல் சர்வீசில் இதைப் பார்த்து இறுக்கச் சொல்ல வேண்டும். "தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்து விட்டார்கள், சர்வீஸ் முடிந்தது" என்று வந்து விடக் கூடாது!

கம்பி இளகுவது இயல்பு. நெம்புகோல் உடைவது கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று பார்ப்பது விற்றவர் வேலை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

காரை ஒரு சரிவான இடத்துக்குக் கொண்டு போங்கள். முன்னும் பின்னும் ஆள் இருக்கக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பி விடுங்கள்.

கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். கைப் பிரேக்கை நன்றாக இழுங்கள். இப்போது கால் பிரேக்கில் இருந்து காலை மெதுவாக, மெதுவாக எடுங்கள். முழுவதும் எடுத்து விடாதீர்கள். கால் அங்கேயே தயாராக இருக்கட்டும்.

கார் அசையாமல் நின்றால் நல்லது. ஊர்ந்து போனால் கோளாறு. உடனே கால் பிரேக்கை மிதியுங்கள். பிறகு காரைத் திருப்பி, மேல் நோக்கி ஒரு தடவையும் கீழ் நோக்கி ஒரு தடவையும் சோதியுங்கள்.

எத்தனை "டிக்" சத்தம் கேட்கிறது என்பதையும் எண்ணுங்கள். எத்தனை கேட்க வேண்டும் என்பது காரோடு கொடுக்கும் கைப் புத்தகத்தில் இருக்கும். வாங்கிய அன்றைக்கு எண்ணி, அந்தப் புத்தகத்தின் அட்டையிலே எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒரு தடவை எண்ணினால் போதும். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் கம்பி தளருகிறது என்று பொருள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

இன்னொரு விதக் கோளாறும் உண்டு. கைப் பிரேக் பிடிப்பதில் குறை இருக்காது. விடுவதில்தான் குறை! கைப்பிடியைக் கீழே இறக்கிய பிறகும் சக்கரம் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும். கார் இழுக்காது. பெட்ரோல் அதிகம் செலவாகும். பின் சக்கரத்தில் இருந்து கருகிய நாற்றம் வரும். அப்படிப்பட்ட சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். சுட்டு விடும். சற்றுத் தள்ளிக் கையை நீட்டினாலே சூடு தெரியும்.

கைப்பிடியை இறக்கிய பிறகும் காரில் உள்ள சிவப்பு விளக்கு அணையவில்லையா? கைப்பிடி சரியாக இறங்காமல் இருக்கலாம். விளக்கின் சுவிட்சு கெட்டிருக்கலாம். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தாலும் பல கார்களில் அதே விளக்குத்தான் எரியும். அதனால் "விளக்கு சும்மா எரிகிறது" என்று விட்டு விடக் கூடாது. எண்ணெய் குறைந்தால் கால் பிரேக்கும் போய் விடும்.

"ஓட ஓடச் சரியாகி விடும்!"

கோளாறு இருக்கிறது என்று ஷோரூமுக்குப் போகிறீர்கள். அங்கே பெரும்பாலும் என்ன பதில் கிடைக்கிறது?

"புது வண்டி சார். அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகி விடும்."

பெண்கள் போய்க் கேட்டால் இன்னும் மோசம். "மேடம், நீங்கள் சரியாக இழுக்கவில்லை" என்பார்கள்!

இன்ஜின் பழகப் பழக இதமாக ஓடும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். கியர் பழகும் என்றால் கூட ஒப்புக்கொள்ளலாம். சரிவில் நிற்காத கைப் பிரேக் ஓட ஓட எப்படிச் சரியாகும்? கம்பி நாளுக்கு நாள் தளருமே தவிர, தானாக இறுகாது.

ஆகவே, அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வரக் கூடாது. "வாருங்கள், சரிவில் நிறுத்திக் காட்டுகிறேன்" என்று ஷோரூம் ஆளைக் கையோடு அழைத்துப் போக வேண்டும். கண்ணால் பார்த்த பிறகு அவர் மறுக்க முடியாது.

வாயால் சொல்வதோடு நிற்கவும் கூடாது. எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, உங்களிடம் இன்ன தேதியில் கார் வாங்கினேன். காரின் சேசிஸ் எண் இது. சரிவில் நிறுத்தினால் கைப் பிரேக் பிடிக்கவில்லை. கார் நகருகிறது. இன்ன தேதியில் உங்கள் ஊழியருக்கு நேரில் காட்டினேன். கியாரண்டிப்படி, காசு வாங்காமல் சரி செய்து தரவும். என்ன சரி செய்தீர்கள் என்று எழுதித் தரவும். சரி செய்யும் வரையில் இந்தக் காரைச் சரிவில் நிறுத்த முடியாத நிலையில் இருக்கிறேன்."

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து விட்டு, மற்றொன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும் சீட்டிலும் "கைப் பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால், "பொதுச் சோதனை" என்ற சீட்டு உங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது.

சட்டம் உங்கள் பக்கம்

அப்படியும் அவர்கள் அசையவில்லையா? 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். அது நுகர்வோருக்கான அரசாங்க உதவி எண்.

அதற்கு மேல் நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. இப்போது அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று பெயர். 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கார் எந்த ஊரில் வாங்கியது, கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்ற கவலை வேண்டாம். நாவலூர்க்காரர் செங்கல்பட்டுக்குப் போனால் போதும். கோளாறு தெரிந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

காரைத் திரும்ப அழைக்கும் விஷயத்திலும் சட்டம் மாறி இருக்கிறது. போலோ கார்களை 2015-ல் திரும்ப அழைத்தது கம்பெனியின் விருப்பத்தால். அப்போது கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. ஒரே கோளாறைப் பற்றி விதியில் சொன்ன எண்ணிக்கையில் புகார் வந்தால், கார்களைத் திரும்ப அழைக்கும்படி அரசாங்கம் கம்பெனிக்கு உத்தரவு போடலாம். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையில் அபராதமும் போடலாம்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரசாங்கம் புகார்களை எண்ணுகிறது. நீங்கள் புகார் செய்யாமல் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் இறுக்கிக்கொண்டு வந்து விட்டால், உங்கள் கார் கணக்கில் சேராது. அதே கோளாறு உள்ள மற்றவர்களுக்கும் செய்தி போகாது. கியாரண்டி இருக்கும் போது வெளியே கை வைத்தால், "நீங்கள்தான் கெடுத்து விட்டீர்கள்" என்று சொல்லக் கம்பெனிக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும்.

சட்டம் நமக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் லைசென்சு உள்ளவர் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை விட்டுப் போகிறீர்களா? இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு ஏற்பாடு செய்து, வண்டி தானாக நகராதபடி செய்து விட்டுத்தான் போக வேண்டும். "கைப் பிரேக் பிடிக்கவில்லை, நான் என்ன செய்வேன்?" என்று பிறகு கையை விரிக்க முடியாது.

தேருக்குக் கட்டை போடுவது எதற்கு?

சரி, கம்பெனி சரி செய்து கொடுக்கும் வரையில் என்ன செய்வது?

நாவலூரில் இருந்து அதே சாலையில் தெற்கே போனால் திருப்போரூர். முருகன் கோவில் தேர் ஓடுவதை அந்தப் பக்கத்து மக்கள் பார்த்திருப்பார்கள். வடம் பிடிப்பவர்கள் முன்னே இழுக்கிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சிலர் கட்டையோடு நடந்து வருகிறார்கள். தேர் நிற்க வேண்டிய இடத்தில் சக்கரத்துக்கு முன்னே கட்டையைப் போடுகிறார்கள். அதுதான் முட்டுக்கட்டை. நல்ல காரியத்தைத் தடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். ஆனால் தேர்த் திருவிழாவில் முட்டுக்கட்டை போடுபவர்தான் எல்லோருடைய உயிரையும் காப்பவர்!

திருவாரூர் பெரிய தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டையைத் தூக்கி எறியவில்லை.

காருக்கும் இரண்டு மரக்கட்டை வேண்டும். ஆப்பு மாதிரி, ஒரு பக்கம் சரிவாகச் சீவியது. தச்சரிடம் சொன்னால் செய்து கொடுப்பார். சரிவில் நிறுத்தினால், கார் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் வையுங்கள். கல்லை விடக் கட்டை நல்லது. கல் வழுக்கும். எடுக்க மறந்தால் இருட்டில் வேறு யாராவது அதிலே ஏறி விழுவார்கள்.

கட்டையோடு கியரும் வேண்டும். மேல் நோக்கி நிற்கும் கார் என்றால் முதல் கியர். கீழ் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர். பக்கத்தில் சுவர் இருந்தால், உருண்டாலும் சுவரில் முட்டி நிற்கும்படி முன் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்.

கியர் மாற்ற வேண்டாத ஆட்டோமாடிக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். "பி" என்ற இடத்துக்குத் தள்ளினால் கார் நின்று விடும் என்று அவர்கள் கைப் பிரேக்கையே தொடுவதில்லை. அது தவறு. "பி"-யில் காரைப் பிடிப்பது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி. முழுப் பாரத்தையும் அதன் தலையில் போடக் கூடாது. முதலில் கைப் பிரேக். பிறகு "பி".

2016 ஜூன் 19-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்டன் யெல்சின் என்று ஒரு சினிமா நடிகர். "ஸ்டார் டிரெக்" படங்களில் நடித்துப் புகழ் பெற்றவர். வயது 27. லாஸ் ஏஞ்சல்சில் அவருடைய வீட்டுப் பாதை சரிவானது. ஜீப் காரை விட்டு இறங்கினார். கார் பின்னால் உருண்டு வந்து, அவரைத் தூணோடும் வேலியோடும் வைத்து நசுக்கி விட்டது. நண்பர்கள் தேடி வந்து பார்த்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தக் கார் 2015-ம் ஆண்டு மாதிரி. அந்த வகைக் கார்களில் கியர்ப் பிடி "பி"-யில் இருக்கிறதா இல்லையா என்று ஓட்டுபவருக்குச் சரியாகத் தெரியாமல் போவதாகப் புகார் எழுந்தது. அவர் இறப்பதற்கு 2 மாதம் முன்பே, 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. அறிவிப்பு வந்தது. அவருடைய கார் சரி செய்யப்படவில்லை.

மழைக் காலத்தில்...

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேறொரு தொல்லை. உப்புக் காற்று. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழை.

கைப் பிரேக்கை இழுத்து விட்டு, நனைந்த காரை நாலைந்து நாள் எடுக்காமல் வைத்திருந்தால், பிரேக் ஷூ டிரம்மோடு துருப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கார் நகராது. "புதுக் கார் இப்படி ஆகி விட்டதே!" என்று வீட்டில் உள்ளவர்கள் கலங்கிப் போவார்கள்.

பயப்பட வேண்டாம். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் "டப்" என்று விட்டு விடும். விடவில்லை என்றால் முரட்டுத்தனமாக இன்ஜினை உறும வைக்காதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். ஊருக்குப் போகிறவர்கள், தட்டையான இடத்தில் காரை நிறுத்தி, கியர் போட்டு, முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப் பிரேக்கை விட்டு வைத்துப் போவது நல்லது. தட்டையான இடத்தில் மட்டும்!

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையையும் சுற்று வட்டாரத்தையும் தண்ணீர் சூழ்ந்தது. எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற கார் வெளியே பார்க்கக் காய்ந்து விட்டாலும், டிரம்முக்குள் சேறு இருக்கும். கம்பி ஓடும் குழாய்க்குள்ளும் தண்ணீர் இருக்கும். கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் அதன் கைப் பிரேக்கை நம்ப வேண்டும்.

இப்போது பொத்தானை அழுத்தினால் பிடிக்கும் கைப் பிரேக்கும் வந்து விட்டது. கைப்பிடியே கிடையாது. சிறு மோட்டார் பிரேக்கை இறுக்குகிறது. வசதிதான். ஆனால் அதுவும் கெடும். 2017-ல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி இப்படிப்பட்ட பிரேக்குக்காக 53 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. அதிலே உள்ள ஒரு சின்னப் பல் சக்கரம் உடைந்து, போட்ட பிரேக் திரும்ப விடாமல் போகலாம் என்பது குறை. பேட்டரி தீர்ந்து விட்டால் பொத்தான் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உருளும் காருக்கு முன்னே போகாதீர்கள்

எல்லாவற்றையும் மீறி, நின்ற கார் உருள ஆரம்பித்து விட்டது. என்ன செய்வீர்கள்?

பலர் ஓடிப் போய் முன்னே நின்று கையால் தள்ளிப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய காராயிற்றே என்ற பதைப்பு! ஆயிரம் கிலோ எடையை மனிதன் கையால் பிடிக்க முடியாது. சுவருக்கும் காருக்கும் நடுவே அகப்பட்டால் உயிர் போய் விடும். கதவைத் திறந்து உள்ளே தாவுவதும் வேண்டாம். "விலகு, விலகு" என்று கத்தி, வழியில் இருப்பவர்களை நகர்த்துங்கள். கார் எங்கேயாவது முட்டி நிற்கட்டும். தகரத்தைத் தட்டிச் சரி செய்து விடலாம்.

குழந்தைகளைக் காருக்குள் தனியே விட்டு இறங்கக் கூடாது. கைப்பிடியின் நுனியில் ஒரு பொத்தான் இருக்கிறது. குழந்தைக்கு அது விளையாட்டுச் சாமான். அழுத்தி இறக்கி விட்டால் கார் கிளம்பி விடும்.

ஷோரூம்களுக்கு ஒரு வார்த்தை

சாவி கொடுக்கும் நாளில் ஷோரூம்காரர்கள் கேக் வெட்டுகிறார்கள். பெரிய சாவி மாதிரி அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டியையும் டெலிபோனையும் எப்படி இணைப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதிலே ஐந்து நிமிடத்தைக் கைப் பிரேக்குக்குக் கொடுக்கட்டும். ஷோரூம் வாசலிலேயே ஏறி இறங்கும் சரிவு இருக்கிறது. அதிலே காரை நிறுத்திக் காட்டட்டும். "இத்தனை டிக்கில் பிடிக்கிறது" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வாங்குகிறவர்களும் அந்தச் சீட்டு இல்லாமல் சாவியை வாங்கக் கூடாது.

காரோடு கொடுக்கும் கைப் புத்தகம் தமிழிலும் வர வேண்டும். திரும்ப அழைக்கும் கடிதமும் தமிழில் வர வேண்டும். கம்பெனி ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பி விட்டுக் கடமை முடிந்தது என்று இருந்து விடுகிறது. காரை ஓட்டுகிற டிரைவரும், அதைக் கழுவுகிறவரும், வீட்டில் இருக்கும் பெரியவரும் அதைப் படிக்க வேண்டாமா? விளம்பரத்தை மட்டும் தமிழில் போடத் தெரிகிறதே!

குடியிருப்புச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. சரிவுப் பாதையின் அடியில் குழந்தைகள் விளையாடாதபடி தடுப்புப் போட வேண்டும். சரிவில் யாரும் காரை நிறுத்தி விட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு முட்டுக்கட்டைகளைச் சுவரில் மாட்டி வைத்து, மஞ்சள் வண்ணம் அடித்து, அவற்றை எடுத்துப் போடுவது எப்படி என்று காவல்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.